5.1-ஐ 7.1 ஆக்கலாமா? சோஃபாவுக்குப் பின்னால் எத்தனை அடி இருக்கிறது என்று முதலில் அளந்துவிடுங்கள்

கேள்வி இதுதான்: அறை 12-க்கு 16 அடி. 7 சேனல் ரிசீவரில் (ஏழு ஸ்பீக்கர்களை ஓட்டக்கூடிய ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) 5.1 ஓடிக்கொண்டிருக்கிறது: முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் சரவுண்ட் எனப்படும் இரண்டு, பாஸ் எனும் அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர். சோஃபா பின்சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கிடக்கிறது. ரிசீவரில் இரண்டு சேனல் சும்மா இருப்பதால் பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி 7.1 ஆக்கலாமா, இல்லை சீலிங்கில் மாட்டி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி நிறுவனத்தின் முறை) பக்கம் போகலாமா?

சோஃபா இப்போதிருக்கும் இடத்திலேயே இருக்கப்போகிறது என்றால் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வேண்டாம். காசு கொடுத்து ஒலியைக் கெடுத்துக்கொள்வதாகத்தான் முடியும். சீலிங் ஜோடி யோசிக்கத்தக்கது. ஆனால் அதற்கும் முன்னால் செலவே இல்லாமல் சரிசெய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைச் செய்து முடித்த பிறகு, பலருக்கு இந்தக் கேள்வியே அவ்வளவு அவசரமாகத் தெரியாது.

எண்ணிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கோணத்தைப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கு நேரே இருக்கும் திரையின் நடுவை 0 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். முன் இடதும் வலதும் அதிலிருந்து 30 டிகிரி விலகி நிற்கின்றன. 5.1-இல் சரவுண்ட் ஜோடி 110 டிகிரி வாக்கில் வர வேண்டும். ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையில் 100 முதல் 120 வரை இடமுண்டு. அப்படி வைத்தால் முன் இடதுக்கும் இடது சரவுண்டுக்கும் நடுவே 80 டிகிரி காலி. முதுகுப் பக்கம் இரண்டு சரவுண்டுகளுக்கும் நடுவே 140 டிகிரி காலி. 7.1-இல் பக்க ஜோடி 90-க்கு முன்னேறுகிறது, பின் ஜோடி 150-இல் உட்காருகிறது. இப்போது எந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவிலும் 60 டிகிரிக்கு மேல் இடைவெளி கிடையாது. 7.1-இன் முழுப் பயனும் இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது: பக்கவாட்டிலும் முதுகுக்குப் பின்னாலும் ஒலி நகரும்போது நடுவில் அறுந்துபோகாமல், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தொடர்ந்து போகிறது.

அந்த 150 டிகிரி உங்கள் அறையில் எங்கே விழுகிறது? காதுக்கும் பின்சுவருக்கும் நடுவே 5 அடி இருந்தால், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சுமார் 3 அடி தள்ளி வைத்தால் 150 டிகிரி கிடைக்கும். இருபுறமும் 5 அடி தள்ளினால் 135. இரண்டுமே டால்பி சொல்லும் எல்லைக்குள்தான். ஆனால் சுவர் ஓரடியில் இருந்தால்? 150 டிகிரி வேண்டுமென்றால் நடுக்கோட்டிலிருந்து ஏழே அங்குலம் தள்ளித்தான் வைக்க முடியும். இரண்டு பெட்டிகளும் பின்மண்டைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒலி சுற்றி வருவதாகத் தோன்றாது, யாரோ பின்னாலிருந்து காதில் ஊதுவதுபோல்தான் இருக்கும். அவ்வளவு கிட்டத்தில் வேண்டாம் என்று விலக்கி வைத்தால், அவை 90 டிகிரியை நோக்கி வந்து, ஏற்கெனவே இருக்கும் சரவுண்டுகளின் வேலையையே திரும்பச் செய்யும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நேர் பின்னாலிருந்து வரும் ஒலியையும் நேர் முன்னாலிருந்து வரும் ஒலியையும் காது எளிதில் குழப்பிக்கொள்ளும், ஏனென்றால் இரண்டுமே இரு காதுகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் போய்ச் சேருகின்றன. பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் நெருக்கமாக இருந்தால், பின்னால் கேட்க வேண்டிய ஓசை சில சமயம் திரைப் பக்கமிருந்து வருவதாகவே தோன்றும். எனவே கணக்கு இப்படி: காதுக்குப் பின்னால் 3 அடிக்கும் குறைவு என்றால் 7.1 வேண்டாம். 4 அடி என்றால் முயன்று பார்க்கலாம். 5 அடிக்கு மேல் என்றால் தாராளமாகச் செய்யலாம். இரண்டு வரிசை இருக்கை உள்ள அறை மட்டும் தனிக்கதை. அங்கே முன்வரிசைக்காரருக்கு 110 டிகிரியில் இருக்கும் ஸ்பீக்கர் பின்வரிசைக்காரருக்குப் பக்கத்திலோ முன்னாலோ போய்விடும், ஆகவே பின் ஜோடி அநேகமாகத் தேவைப்படும்.

சோஃபாவை முன்னே இழுக்க முடியுமா என்பதுதான் அடுத்து யோசிக்க வேண்டியது. பின்சுவரை ஒட்டிய இருக்கையில் பாஸ் வீங்கிக் கேட்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரடி ஒலியோடு உடனே கலப்பதால் வசனமும் மங்கும். இரண்டரை, மூன்று அடி முன்னே வந்தாலே வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆனால் அறையின் சரி நடுவுக்கு வந்துவிடாதீர்கள். 16 அடி நீளத்தில் முதல் அலைப்பாங்கு (எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி அறைக்குள் நிலைத்து நிற்கும் ஒலியலை) 35 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. சரி நடுவில் உட்கார்ந்தால் அந்த அதிர்வெண் அங்கே ஏறக்குறைய காணாமல் போய்விடும், சப்வூஃபரை எவ்வளவு ஏற்றினாலும் திரும்பி வராது. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பின்னால் விட்டு உட்காருவது இந்த அறைக்கு நல்ல சமரசம். அதாவது காதுக்குப் பின்னால் 5 அடி சொச்சம். அந்த அளவு இழுக்க இடம் இருந்தால் என் பதிலும் மாறிவிடும்: 7.1 சரியாகவே அமையும்.

இழுக்க முடியாதவர்கள் இருக்கிற சரவுண்ட் ஜோடியை ஒழுங்காக வையுங்கள். அளக்கும் முறை எளிது. இருக்கையில் தலை இருக்கும் இடத்தை நடுவாக வைத்து அறைக்குக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள்; அதுதான் 90 டிகிரி. அந்தக் கோட்டில் பக்கவாட்டில் 6 அடி போனால், அங்கிருந்து 2 அடி 2 அங்குலம் பின்னே 110 டிகிரி வரும். மூன்றரை அடி பின்னே 120. 12 அடி அகல அறையில் பக்கச் சுவரே ஆறடியில் வந்துவிடுவதால், அந்தக் கோட்டிலிருந்து 2 அடி பின்னே சுவரில் மாட்டினால் வேலை முடிந்தது. பின்சுவர் இடம் தராவிட்டால் 90 டிகிரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. செய்யக்கூடாதது ஒன்றுதான்: சரவுண்டுகளைத் திரைப் பக்கம், 70, 80 டிகிரிக்குக் கொண்டுபோவது. வயர் எட்டவில்லை என்பதற்காக இப்படி மாட்டியிருப்பதை நிறையப் பார்க்கலாம். அப்படிப்பட்ட 5.1-இல் பின்னால் ஒன்றுமே கேட்காது, பிறகு 7.1 வாங்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும்.

சோஃபாவின் கோடியில் உட்காருபவரின் நிலையையும் பாருங்கள். இடது சரவுண்ட் அவர் காதிலிருந்து 2 அடியில், வலது சரவுண்ட் 8 அடியில் இருக்கிறது என்று கொள்வோம். தூரம் நான்கு மடங்கு என்றால் அளவில் கணக்குப்படி 12 டெசிபெல் வேறுபாடு. அறையின் எதிரொலி அதைக் கொஞ்சம் குறைத்தாலும் அவருக்கு அந்த ஒரு பெட்டிதான் கேட்கும். ஸ்பீக்கரைக் கூட்டுவதால் இது தீராது. அந்தச் சரவுண்டைத் தலைக்கு மேல் ஓரடி, ஒன்றரை அடி உயர்த்தி, பக்கத்து இருக்கையை நோக்காமல் எதிர்க்கோடி இருக்கையை நோக்கித் திருப்புங்கள். அருகில் இருப்பவர் பெட்டி நோக்கும் நேர்கோட்டிலிருந்து விலகிவிடுவார், எதிர்ப்புறத்தவருக்கு நேராகக் கேட்கும். பின்னாளில் அட்மாஸ் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் இதை அளவோடு செய்ய வேண்டும். காதுமட்ட ஸ்பீக்கர்கள் மேலே ஏறிவிட்டால் சீலிங் ஜோடிக்கும் இவற்றுக்கும் உயர வேறுபாடு குறைந்துவிடும். முன் ஸ்பீக்கரின் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பெட்டி வாங்குவதற்கு முன் ரிசீவருக்குள் என்ன சிக்னல் வருகிறது என்று பார்ப்பதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். படம் ஓடும்போது ரிமோட்டில் இன்ஃபோ அல்லது ஸ்டேட்டஸ் பொத்தானை அழுத்துங்கள். பிசிஎம் 2.0 என்று காட்டினால் வருவது வெறும் ஸ்டீரியோ. பதினொரு ஸ்பீக்கர் வைத்தாலும் அதில் தனிச் சரவுண்ட் இருக்காது. டிவியின் ஆடியோ அவுட்புட் பிசிஎம்-இல் கிடக்கிறதா என்று பார்த்து, பாஸ்-த்ரூ, பிட்ஸ்ட்ரீம், ஆட்டோ என்று எந்தப் பெயரில் இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட்டிருந்தால் உச்சவரம்பு 5.1 டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ். அதன் வழியே அட்மாஸ் வராது. எச்டிஎம்ஐ ஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) வழியே டால்பி டிஜிட்டல் பிளஸ் போகும், ஸ்ட்ரீமிங் அட்மாஸ் அதற்குள்தான் வருகிறது. ப்ளூ-ரேயின் ட்ரூஎச்டி, பல சேனல் பிசிஎம் ஆகியவற்றுக்கு ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான இஆர்க் வேண்டும், அல்லது பிளேயரை நேராக ரிசீவரில் செருக வேண்டும்.

நீங்கள் பார்ப்பது எங்கிருந்து வருகிறது என்பதும் முடிவை மாற்றும். ஸ்ட்ரீமிங்கில் பொதுவாகக் கிடைப்பது 5.1 அல்லது அட்மாஸ். தனித்தனியாகப் பிரித்துக் கலந்த 7.1 ட்ராக் பெரும்பாலும் ப்ளூ-ரே வட்டுகளில்தான். 5.1 சிக்னலை அப்படியே ஓட்டினால் பின் ஜோடி பேசாமல் இருக்கும். டால்பி சரவுண்ட் அல்லது டிடிஎஸ் நியூரல் எக்ஸ் அப்மிக்ஸை ஆன் செய்தால்தான் சரவுண்ட் சேனலிலிருந்து பிரித்தெடுத்து அவற்றுக்கும் கொடுக்கும். அப்மிக்ஸ் நன்றாகவே வேலை செய்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வட்டுகளே வாங்காத வீட்டில் 7.1-இன் பின் ஜோடி முக்கால்வாசி நேரம் ஊகத்தில்தான் ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அதனால்தான் 7 சேனல் ரிசீவரும் பின்னால் இடமில்லாத சோஃபாவும் இருக்கும்போது, அந்த இரண்டு சேனலையும் மேலே கொடுப்பது, அதாவது 5.1.2 (கடைசி 2 சீலிங் ஜோடி) ஆக்குவது மேல் என்கிறேன். 5.1 முழுக்க ஒரே தளத்தில் இருக்கிறது. உயரம் என்ற திசையே அதில் கிடையாது, அந்தக் காலி இடத்தை ஒரே ஜோடி நிரப்பத் தொடங்குகிறது. மழை, தலைக்கு மேல் பறப்பது, குகையின் எதிரொலி, அரங்கின் ஆரவாரம் எல்லாம் எழும்பிக் கேட்கும். ஒரே ஜோடி என்றால் அது தலைக்கு நேர் மேலேயோ சற்று முன்னேயோ இருக்க வேண்டும். காது மூன்றரை அடியில், சீலிங் 10 அடியில் என்று வைத்தால், தலைக்கு ஓரடி முன்னே சரியான இடம். அகலத்தில் முன் இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு நேராக இருக்கட்டும். நான்கு போட வேண்டும் என்றால் 9 சேனல் ரிசீவர் வேண்டும். கூடவே பின்மேல் ஜோடி காதுக்குப் பின்னே குறைந்தது நாலரை அடியில் வர வேண்டும். சோஃபா சுவரோடு இருக்கும் அறையில் அதற்கும் இடமில்லை, ஆகவே இரண்டோடு நிற்பதே சரி.

சீலிங்கில் துளை போட முடியாதவர்களுக்கு, முன் ஸ்பீக்கரின் தலையில் வைத்து மேல்நோக்கி அடிக்கும் மாட்யூல்கள் இருக்கின்றன. இவை சீலிங்கில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பியவை. சீலிங் தட்டையாக, கெட்டியாக, ஏழரை முதல் 12 அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். சரிவான சீலிங், ஒலியை உறிஞ்சும் ஃபால்ஸ் சீலிங் தகடு, குறுக்கே ஓடும் பீம், ஒலி பட்டுத் திரும்பும் இடத்தில் தொங்கும் விளக்கு இவற்றில் எது இருந்தாலும் பலன் சரிந்துவிடும். நேரடியாகச் சீலிங்கில் மாட்டியதற்கு இது ஈடாகாது. சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் சிறு ஸ்பீக்கரைச் சாய்த்து மாட்டுவதுகூட பெரும்பாலான அறைகளில் இதைவிட நன்றாக இருக்கும்.

இவ்வளவும் சரவுண்டைப் பற்றி. உங்கள் குறை உண்மையில் வேறெங்காவது இருக்கலாம். வசனம் புரியவில்லை என்றால் சென்டரை, அதாவது முன்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரைப் பாருங்கள்: படத்தின் பேச்சு ஏறத்தாழ முழுவதும் அதில்தான் வருகிறது. டிவி ஸ்டாண்டின் உள்தட்டில் ஆழமாகத் தள்ளி வைத்திருந்தால், பெட்டியின் முன்முகம் தட்டின் விளிம்போடு சேரும்படி வெளியே இழுத்து, ட்வீட்டர் (கூர்மையான ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) காதை நோக்குமாறு முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். காசு செலவில்லாத வேலை, கிடைக்கும் தெளிவு அதிகம். ஒரு இருக்கையில் பாஸ் குமுறுகிறது, பக்கத்து இருக்கையில் ஒன்றுமே இல்லை என்றால், பின் ஜோடிக்கு வைத்த பணத்தை இரண்டாவது சப்வூஃபரில் போடுங்கள். முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று. அல்லது இரண்டு பக்கச் சுவர்களின் நடுவில். அறையின் அலைப்பாங்குகளை ஒன்றுக்கொன்று சமன்செய்து எல்லா இருக்கையிலும் பாஸை ஏறத்தாழ ஒரே மாதிரி ஆக்கும் வழி இது. சப்வூஃபர் இரண்டானால் சத்தம் இரட்டிப்பாகும் என்ற பயம் வேண்டாம், அளவைக் குறைத்து வைத்தால் முடிந்தது.

இன்னும் மனம் 7.1-இலேயே நிற்கிறதா? வாங்குவதற்கு முன் ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். நண்பரிடமிருந்து ஏதாவது ஒரு ஜோடி வாங்கி, காதுமட்ட உயரமுள்ள ஸ்டூல்களில், திட்டமிட்ட இடத்தில் வையுங்கள். ரிசீவரில் மீதமுள்ள இரண்டு சேனல் எதற்கு என்று தீர்மானிக்கும் ஆம்ப் அசைன் என்ற அமைப்பை சரவுண்ட் பேக் என்று மாற்ற வேண்டும். பை-ஆம்ப், சோன் 2, ஹைட் என்று எதிலாவது இருந்தால் பின் ஸ்பீக்கரில் மூச்சே வராது, ரிசீவர் பழுதென்று நினைத்துவிடுவீர்கள். மைக் வைத்துக் கேலிப்ரேஷனை (ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளவையும் ரிசீவரே அளந்து சரிசெய்வது) திரும்ப ஓட்டுங்கள். பிறகு நன்றாகத் தெரிந்த இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைப் பின் ஜோடியோடு ஒரு முறையும், ஸ்பீக்கர் மெனுவில் அதை அணைத்துவிட்டு ஒரு முறையும் கேளுங்கள். ஆல் சேனல் ஸ்டீரியோவில் போட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்: எல்லாப் பெட்டியும் ஒரே பாட்டைப் பாடும் அந்த மோட் சரவுண்டைப் பற்றி எதுவும் சொல்லாது. வீட்டில் இன்னொருவரைக் கோடி இருக்கையில் உட்காரவைத்து அவரிடமும் கேளுங்கள். எப்போது அணைத்தீர்கள் என்று அவருக்குத் தெரியவில்லை என்றால் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பொருத்தும்போது எங்கே தவறும் என்பதையும் சொல்கிறேன். ஏற்கெனவே இருக்கும் சரவுண்ட் முனைகளிலேயே இன்னொரு ஜோடியை இணையாகச் சேர்த்து 7.1 என்று சொல்லிக்கொள்வது மிகவும் பரவலான தவறு. 8 ஓம் பெட்டி இரண்டு இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். 6 ஓம் பெட்டிகள் என்றால் 3 ஓம். ஓம் குறைந்தால் மின்னோட்டம் கூடி, ரிசீவர் சூடாகிப் பாதுகாப்பு நிலைக்குப் போய் அணைந்துவிடலாம். போகாவிட்டாலும் ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று வெட்டும். சேனல் இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

வயர் 15 மீட்டர் ஓட்டத்துக்குள் 8 ஓம் பெட்டிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும், அதற்கு மேல் அல்லது 4 ஓம் என்றால் 2.5. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி என்றால் ஒரு அளவு கூடுதலாக எடுங்கள். முனையில் ஒரே ஒரு இழை தவறிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும், முறுக்கிச் செருகுங்கள். சிவப்பும் கறுப்பும் ஒரு பெட்டியில் மாறிவிட்டால் அந்த ஜோடியின் ஒலி எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் கலங்கும்.

கேலிப்ரேஷன் முடிந்ததும் மூன்றைச் சரிபாருங்கள். சிறு பெட்டிகளை லார்ஜ் என்று போட்டிருந்தால் ஸ்மால் ஆக்கி 80 ஹெர்ட்ஸில் பிரியுங்கள் (அதற்குக் கீழுள்ள பாஸ் சப்வூஃபருக்குப் போகும்), கையடக்கச் சாட்டிலைட் என்றால் 100 முதல் 120. சப்வூஃபர் தூரம் டேப் அளவைவிடக் கூடுதலாகக் காட்டினால் கை வைக்காதீர்கள்: சப்வூஃபரின் உள் தாமதத்தையும் சேர்த்துத்தான் ரிசீவர் கணக்கிட்டிருக்கிறது. சப்வூஃபர் லெவல் மைனஸ் எல்லையைத் தொட்டிருந்தால், பெட்டியின் பின்னால் உள்ள குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஒரு படத்தில் பத்து நிமிடம் சரவுண்டில் எதுவுமே கேட்காமல் போகலாம். இருவர் பேசும் காட்சியில் அப்படித்தான் கலந்திருப்பார்கள். பெட்டி வேலை செய்யவில்லை என்று நினைத்து சரவுண்ட் லெவலை 5, 6 டெசிபெல் ஏற்றிவிடாதீர்கள். டெஸ்ட் டோனில் ஒலித்தால் பெட்டி நலமாக இருக்கிறது. ஒன்றிரண்டு டெசிபெல் ஏற்றுவது அவரவர் விருப்பம், அதற்கு மேல் போனால் திரையை விட்டுக் கவனம் பின்னால் போய்க்கொண்டே இருக்கும்.

வீடு கட்டிக்கொண்டோ அறைக்குச் சுவர் பூசிக்கொண்டோ இருக்கிறீர்கள் என்றால் மட்டும் நான் சொன்ன வரிசையை மாற்றுங்கள். இப்போது வாங்குகிறீர்களோ இல்லையோ, பின்சுவரில் இரண்டு இடத்துக்கும் சீலிங்கில் நான்கு இடத்துக்கும் 25 மில்லிமீட்டர் பைப் பதித்து, உள்ளே இழுகயிறு விட்டு, மூடியோடு பாக்ஸ் வைத்துவிடுங்கள். மின்சார வயரிங் போகும் பைப்பிலிருந்து ஓரடியாவது தள்ளியும், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகவும் போகட்டும். எந்தப் பைப் எங்கே போகிறது என்பதை, பூச்சுக்கு முன் அளவுநாடாவோடு சேர்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.